கான்டெஸா வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் ரப்பரைப் பாருங்கள்

பழைய செடான் வாங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பானட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, 'எஞ்சின் சூப்பர்' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா விஷயத்தில் இந்தத் தவறு கூடுதலாக வலிக்கும். இதன் எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கும். கிடைக்காதவை முன் கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள ரப்பர், பின் விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கிரில், பம்பர் முனை போன்றவைதான். ஓடாத எஞ்சினோடு, உடம்பு முழுசாக, ரப்பரும் கண்ணாடியும் அசலாக நிற்கும் வண்டி ஒன்று. அருமையாக ஓடினாலும் இடது பின் விளக்கு இல்லாத வண்டி இன்னொன்று. இரண்டில் முதலாவதுதான் மலிவு, விலை கொஞ்சம் கூட இருந்தாலும்.

எது எந்த கான்டெஸா

இந்த வண்டி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரானது. உடம்பின் அச்சுகள் 1970களில் இங்கிலாந்தில் ஓடிய வாக்ஸால் விக்டர் எஃப்.இ. வகையிலிருந்து வந்தவை. பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டி இது. முன்னால் இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் ஒரே துண்டு ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் இருக்கும்.

தொடக்கத்தில் வந்தவற்றில் இருப்பது அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நாலு கியர். இவ்வளவு கனமான உடம்புக்குச் சுமார் 50 குதிரைத்திறன் போதாது. மேம்பாலம் ஏறும்போதே தெரிந்துவிடும். 1980களின் பிற்பாதியில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. 'கான்டெஸா கிளாசிக்' என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பிறகு 1995 சி.சி. இசுசு டீசலும் வந்தது.

முதல் வண்டியாக வாங்குபவர் 1.8 பெட்ரோலைத் தேடுவது நல்லது. அதே 1817 சி.சி. எஞ்சின் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.டிலும் போடப்பட்டது. அம்பாசடர் உற்பத்தி 2014 வரை நடந்ததால் பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட், கிளட்ச் பிளேட் எல்லாம் அம்பாசடர் பெயரில் கடைகளில் புழங்குகின்றன. கடையில் 'கான்டெஸாவுக்கு' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ஐ.எஸ்.இசட். அம்பாசடருக்கு' என்று கேட்டால் உள்ளே போய்த் தேடுவார்கள். இந்த ஒரு உறவுதான் கான்டெஸாவைச் சமாளிக்கக்கூடிய அபூர்வ வண்டியாக வைத்திருக்கிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரோவர் எஸ்.டி.1 உடம்பு, பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் சில ஆண்டுகளே தயாரான வண்டி, பாகம் கிடைப்பது கடினம். முதல் பழைய வண்டியாக அதைத் தொடவே வேண்டாம்.

டீசலில் ஒரே எச்சரிக்கை: அதில் வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், வாங்கிய அன்றே பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். 1.8 பெட்ரோலில் செயின், அந்தப் பயம் இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் கலகலவென்று அடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பார்க்கப் போகும் நாள்

காந்தம் ஒன்று, டார்ச், பழைய பாய், மல்டிமீட்டர், கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தமானி) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். மழை பெய்து முடிந்த உடனே போய்ப் பார்க்காதீர்கள். ஈரமான பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும்.

முதலில் உடம்பு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு ஓரம், கதவின் கீழ் விளிம்பு, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் படிப்பெட்டி, டிக்கி ஓரம் என்று நகர்த்துங்கள். பிடிப்பு விடும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி (பூசி நிரப்பும் பசை) இருக்கிறது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்குங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பாதி விடை. டிரைவர் காலடி, பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் ஆக்ஸிலின் கைகள் உடம்போடு சேரும் இடம் ஆகியவைதான் முதலில் துரு தின்னும் இடங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஓட்டை இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அது டிங்கரிங் வேலை இல்லை, வண்டியின் எலும்பு.

முன் கண்ணாடியின் கீழ் ரப்பரை விரல் நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் பழுப்புத் தூள் வந்தால் தண்ணீர் பல வருடமாக டேஷ்போர்டுக்குள் இறங்கியிருக்கிறது. வயரிங்கும் அதோடு போயிருக்கும்.

சென்னை வண்டியானால் 2015 வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடியில் மண் கோடு, டிக்கி லைனிங்குக்குப் பின்னால் காய்ந்த சேறு ஆகியவை பொய் சொல்லாது.

பிறகுதான் எஞ்சின். நீங்கள் வரும்போது பானட் சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறவிடச் சொல்லுங்கள். ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமோ, ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை போன்ற பிசுக்கோ இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு விநாடி நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல், அது சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே எரிகிறது. கறுப்பு கார்புரேட்டர் விவகாரம், பயப்பட ஒன்றுமில்லை.

நாலு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்து (ஸ்டார்ட்டரால் சுழலவிட்டு) ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எடுங்கள். ஆரோக்கியமான 1.8-இல் 150 பி.எஸ்.ஐ. அக்கம்பக்கம் வரும். அளவைவிட முக்கியம் நாலுக்கும் உள்ள வித்தியாசம். அதிகமானதற்கும் குறைவானதற்கும் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு கியரிலும் வேகம் ஏற்றி, சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்று தட்டினால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. 60-70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்ந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ். பின்னாலிருந்து வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் பின் ஆக்ஸிலுக்குள் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரம். இவற்றில் செலவு அதிகம் பிடிப்பது கடைசிதான்.

கையில் உள்ள மொத்தப் பணத்தில் பத்தில் ஆறு பங்குக்குமேல் வண்டி விலையாகக் கொடுக்காதீர்கள். மீதி நாலு பங்கும் முதல் வருடத்திலேயே தேவைப்படும்.

தாள்கள்

கடைசி கான்டெஸாவே 2002-இல் வந்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் எந்த வண்டியும் பதினைந்து ஆண்டுப் பதிவைத் தாண்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓடுவதாகத்தான் இருக்கும். 1994-இல் பதிவான வண்டி 2009, 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டியிருக்க வேண்டும். இடையில் ஒன்று விட்டிருந்தால், அபராதமும் நிலுவை வரியும் உங்கள் தலையில்தான் விடியும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா, கடன் பதிவு நீக்கப்பட்டதா, அபராதச் சலான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் பேச வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வேறு மாநில வண்டியானால் படிவம் 28 தடையில்லாச் சான்று. கடன் இருந்திருந்தால் படிவம் 35. பதிவு புதுப்பிக்கப் படிவம் 25. மத்திய அரசின் 2025 ஆகஸ்ட் அறிவிக்கையின்படி 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. 'வின்டேஜ்' என்று பதிவு செய்து தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும். முதல் கான்டெஸாவுக்கே அந்த வயது 2034-இல்தான்.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கான்டெஸாக்களில் பாதி வழியில் எஞ்சின் மாறியவை ஏராளம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. ஏற்றாமல் விட்டிருந்தால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் நிற்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எண் ஒத்துப்போகாத வண்டியை எடுக்காதீர்கள்.

டெல்லிப் பதிவு வண்டிகள் மலிவாகக் கண்ணில் படும். அங்கே 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் கட்டுப்பாடு வந்ததுதான் காரணம். உப்புக் காற்று படாத உடம்பு என்பதால் துரு குறைவாக இருக்கும், அது உண்மை. ஆனால் பதிவு ரத்தான வண்டியா என்பதைத் தளத்தில் பார்க்காமல் லாரியில் ஏற்றக்கூடாது.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் ஒரு சின்ன வேடிக்கை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897. 1489 சி.சி. கான்டெஸா பதினொரு சி.சி.யில் தப்பிவிடுகிறது. புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கான்டெஸா காலத்து நாலு சக்கர பெட்ரோல் வண்டிக்கு அனுமதி கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். டியூனிங் சரியாக இருந்தால் கான்டெஸா சிரமமில்லாமல் தேறும்.

முதல் மாத வேலை

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். பெயின்ட் கடைசி வேலை. முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு பெட்ரோல் வரும் பாதை. இந்த மூன்றும் முடியும்வரை தெருவைத் தாண்டி ஓட்ட வேண்டாம்.

பிரேக்கில் முன்னால் டிஸ்க்கோ டிரம்மோ, நாலு சக்கரத்தையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் தூசி மூடியை விரலால் விலக்கினால் ஈரம் இருக்கக் கூடாது. கொஞ்சம் கசிந்தாலும் ரப்பர் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்றாதீர்கள். உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பர் ஒரே மாதத்தில் கிழியும். குழி இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் பித்தளை ஸ்லீவ் போட வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைக்கும். பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துச் சூடாகிறது என்றால் பெரும்பாலும் அந்த ஹோஸ்தான் காரணம். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்ற டாட் 3 அல்லது டாட் 4 ஒரு லிட்டர் வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

1. பிளீடர் நிப்பிளில் (சக்கரத்தில் ஆயிலை வெளிவிடும் சிறு திருகு) ஒளி ஊடுருவும் டியூபைப் பொருத்தி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள்.
2. உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மூன்று முறை மிதித்து, மூன்றாவது முறை அழுத்தியபடியே நிறுத்த வேண்டும்.
3. நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். பெடல் கீழே போகும்.
4. பெடல் தரையில் இருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.
5. தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை தொடருங்கள். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவில் ஆயில் ஊற்றுங்கள். டப்பா வற்றினால் முதலிலிருந்துதான்.

பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டயரின் பட்டனை (தேயும் மேற்பரப்பை) பார்த்து ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் கெட்டி தட்டியிருக்கும், மழையில் பிடிக்காது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். சிலதில் ஸ்டெப்னிக்கு வாங்குபவரைவிட வயது அதிகம்.

பெட்ரோல் ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1980களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸ் உள்ளிருந்து உப்பி உரிந்து, அந்தத் துகள் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கும். அதைவிட மோசம், சூடான மேனிஃபோல்டின் மேல் கசிவது. டாங்கிலிருந்து கார்புரேட்டர்வரை உள்ள எல்லா ரப்பரையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். டாங்க் அருகே உள்ள சின்னத் துண்டை எல்லா மெக்கானிக்கும் மறப்பார்கள், நினைவுபடுத்துங்கள். வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் அதன் டயஃப்ரம், கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு கிலோ அளவுள்ள தீயணைப்பான் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருக்கட்டும். டிக்கியில் வைத்தால் அது அலங்காரம்தான்.

ஹீட்: கான்டெஸாவைக் கொல்லும் நோய்

இசுசு எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் அலுமினியம் வளையும், கேஸ்கெட் ஊதும். அதனால் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் 'வீடு பக்கத்தில்தான்' என்று ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு, அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

ஹீட்டுக்கு முதல் காரணம் போர்வெல் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் இருபது முப்பது வருடமாக ரேடியேட்டர் குழாய்களில் படிந்து, பாதி வழி அடைந்திருக்கும். எஞ்சின் சூடாக, ஓடாமல் நிற்கும்போது ரேடியேட்டர் முகத்தை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் எட்டத்தில் வைத்து உணர்ந்து பாருங்கள். நடுவில் குளிர்ந்த பகுதி இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறோம் என்பவர்களிடம் கொடுத்தால் சுண்ணாம்போடு சாலிடரும் கரையும். தொட்டிகளைக் கழற்றி, செம்புக் கோர் (குழாய்த் தொகுதி) புதிதாகப் போடச் சொல்லுங்கள். அசல் இரண்டு வரிசை என்றால், மூன்று வரிசைக் கோர் இடம் கொள்ளுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது தெர்மோஸ்டாட். நம் ஊர் மெக்கானிக்குகள் 'இது நமக்கு எதுக்கு' என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுஞ்சாலையில் தேவையான சூட்டுக்கு வராது, ஆயில் கெடும், பெட்ரோல் குடிக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82-இல் திறக்கத் தொடங்கி, கொதிநிலைக்குள் முழுதாகத் திறந்தால் நல்லது.

ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். 13 பி.எஸ்.ஐ. அளவு மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. ஸ்பிரிங் செத்த மூடியோடு ஓடும் வண்டி நல்ல ரேடியேட்டர் இருந்தும் கொதிக்கும். எல்லாம் முடிந்ததும் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, முன்பக்கம் உயர்ந்த இடத்தில் நிறுத்தி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மூடியில்லாமல் ஓடவிட்டால் காற்று வெளியேறும்.

ஹெட் ஏற்கெனவே கழன்றிருந்தால், எஃகு நேர்க்கோலை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் தள மட்டம் எடுக்க வேண்டும். எவ்வளவு எடுத்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று முறை எடுத்த ஹெட்டில் அழுத்த விகிதம் ஏறி, எஞ்சின் கணகணவென்று தட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். 'கை அளவு' போதாது.

கார்ப், பாயின்ட், கரன்ட்

எத்தனால் கூடியதால் கலவை மெலிந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஒரு தயக்கம், சைலன்சரில் சின்ன வெடி, பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை ஆகியவை அதன் அடையாளங்கள். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால் பெரும்பாலும் தீரும். பிளக் முனை பிஸ்கட் பழுப்பாக வர வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கும் ஆள் கையில் கார்புரேட்டரைக் கொடுக்காதீர்கள். அசல் கார்புரேட்டர் போனால் அதற்கு ஈடு கிடையாது.

1489 சி.சி. வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த எஞ்சினின் இரும்பு ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இந்தியாவில் 2000-இலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல்தான். நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைத் தின்றுகொண்டே இறங்கி, வால்வு இடைவெளி குறைந்துகொண்டு வரும். எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால், அப்போதே கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுங்கள்.

1.8-இல் பாயின்ட் (பிளக் பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தொடர்பு) இடைவெளியை 0.45 மி.மீ. அளவில் வையுங்கள். வண்டி சூடானபின் நின்று, ஆறியதும் ஓடினால் முதலில் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள், பிறகுதான் பெட்ரோல். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றினால் நிம்மதி. ஆனால் கழற்றிய பாயின்ட் தட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று 100 வாட் பல்பு போடுவது தவறு. கரன்ட் முழுவதும் பழைய சுவிட்ச் வழியாகப் போய்த்தான் டேஷ்போர்டில் புகை வருகிறது. பல்பின் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள், பேட்டரியைவிட ஒன்று ஒன்றரை வோல்ட் குறைவாகக்கூட இருக்கும். லோ பீமுக்கு ஒரு ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்), ஹை பீமுக்கு ஒன்று: 30-ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ், 87 பல்புக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். அதே 60/55 வாட் பல்பு புதிதுபோல எரியும். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி முடுக்கினால் பாதி மர்மக் கோளாறுகள் காணாமல் போகும்.

சஸ்பென்ஷனில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றி அலைன்மென்ட் பாருங்கள். அசல் புஷ் கிடைக்காவிட்டால் பழையதை மாதிரியாகக் கொடுத்து பாலியூரித்தேனில் கடைந்து வாங்கலாம். முன் காயில் ஸ்பிரிங்கை மட்டும் சரியான கம்ப்ரெஸ்ஸர் இல்லாமல் வீட்டில் கழற்றாதீர்கள். தெறித்தால் முகம் போகும்.

பாகம் தேடுதல்

எஞ்சின், கிளட்ச், பிரேக் கிட் ஆகியவற்றுக்கு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. உடம்பு, கண்ணாடி, விளக்கு என்றால் வடக்கேதான் பார்க்க வேண்டும்: வண்டி பிறந்த வங்கத்தில் கொல்கத்தா மல்லிக் பஜார், டெல்லியில் காஷ்மீர் கேட். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவதே மேல். முடியாவிட்டால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஆயில் சீலையும் பேரிங்கையும் வண்டிப் பெயரால் தேடவே தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அளந்து சொன்னால் எந்த சீல் கடையிலும் கிடைக்கும். பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும்.

கதவு ரப்பருக்கு வெட்டு முகத்தின் படம் போதும். அதே வடிவம் வேறு வண்டியினதாக மீட்டர் கணக்கில் கிடைக்கும். முன் கண்ணாடி ரப்பருக்கு அப்படி வழியில்லை. எங்கே கண்டாலும், தேவை இல்லாவிட்டாலும், ஒன்று வாங்கி டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் வட்டமாகச் சுருட்டி வையுங்கள். பின் விளக்கும் அப்படித்தான். டிங்கரிங்குக்கு வண்டியை விடும் முன் விளக்கு, பீடிங், சின்னங்கள், கைப்பிடி எல்லாவற்றையும் நீங்களே கழற்றி, எழுதி ஒட்டிய பைகளில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் காணாமல் போகும் ஒரு 'கிளாசிக்' எழுத்து ஆறு மாதத்தைத் தின்னும்.

ஓட்டும்போது

ஏ.பி.எஸ். இல்லை, ஏர்பேக் இல்லை. முன்னால் போகும் புது வண்டி நிற்கும் தூரத்தில் இது நிற்காது, இரு மடங்கு இடைவெளி விடுங்கள். பின் சக்கரம் இழுப்பதால் ஈரமான வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வெளியே வழுக்கும். அப்போது பிரேக் மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கமே திருப்ப வேண்டும். முன் சீட் பெல்ட்டின் நாடா வெயிலில் வெளுத்து நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நாடாவைப் பொருத்தும் போல்ட் வெறும் தகரத்தில் அல்ல, உடம்பில் உள்ள கெட்டியான இடத்தில் ஏற வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ய, சோக்கை இழுத்து ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒருமுறை மிதித்துவிட்டுக் கிராங்க் செய்யுங்கள். பம்ப் அடித்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும். நனைந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துப் பத்து விநாடி கிராங்க் செய்தால் எடுக்கும்.

வாரம் ஒருமுறையாவது முள் நடுவுக்கு வரும்வரை இருபது நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். ஒரு மாதத்துக்குமேல் நிறுத்துவதானால் டாங்க்கை நிரப்பிவையுங்கள். காலி டாங்க்கில் ஈரம் படியும், எத்தனால் அதை உறிஞ்சிக்கொண்டு அடியில் தனியாகப் பிரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், கிளிப் நாலு, பாயின்ட்டும் கண்டன்சரும், ரோட்டர், ஒரு பிளக், ஃபியூஸ், இரண்டு மீட்டர் வயர், ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில், 10 முதல் 19 வரை ஸ்பானர், டெஸ்ட் லேம்ப். கூடவே ஒரு நோட்டு. எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பாகம், எந்த வண்டியின் பாகம், எந்த அளவு போட்டது என்று அதில் எழுதுங்கள். அடுத்தமுறை கடைக்காரர் 'எந்த வண்டிக்கு?' என்று கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.